பதினொரு கிராம் விமானம்

விரல்கள் திறக்கவில்லை.

பாடாங் செராயில் ஒரு பேட்மிண்டன் மண்டபத்தின் நடுவில், தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து நேராக வந்திருந்தோம். பூசைக்குப் போட்ட சப்பாத்தோடு மண்டபத்துக்குள் வரக்கூடாது என்பதால் அதை வாசலில் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நின்றேன். தரை சில்லென்று இருந்தது.

என் வலது கையில் ஒரு விமானம். இறக்கையின் நீளம் ஒன்றரை அடி. எடை பதினொரு கிராம். இரண்டு தேக்கரண்டி சீனியைவிடச் சற்றுக் கூடுதல். அதன் மூக்கில் புரோப்பெல்லர் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி வைக்க சுவிட்ச் கிடையாது. சுவிட்சுக்கும் எடை உண்டு. உள்ளே இருந்த மின்சாரம் ஒன்றரை நிமிடத்துக்குத்தான் வரும். அது என் கையிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

என் மனைவி ஸ்டெல்லா ஐந்தடி தள்ளி, கைத்தொலைபேசியில் நேரம் பிடிக்கத் தயாராக நின்றாள். உதவிக்கு வரவில்லை. வரக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"விடுங்க," என்றாள்.

விடத்தான் முயன்றுகொண்டிருந்தேன்.

ஆலையில் என் கடைசி நாளைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அதற்குப் பிறகு வீட்டில் எப்படிப் பொழுது போகிறது?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு நேர்வழியில் கதை சொல்ல வராது. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

பிடி வந்தது, விடுவது வரவில்லை

கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் சார்ஜ்மேனாக இருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆலையின் மின்சாரம் முழுவதற்கும் பொறுப்பான ஆள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு காலையில், கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வலது கையிலிருந்த தே கிளாஸ் தானாகச் சாய்ந்தது. தேநீர் தொடையில் கொட்டியது. சூடு தெரிந்தது. கை இருப்பதுதான் தெரியவில்லை. கடைக்காரர் ஓடிவந்து ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, என் வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை என்று புரிந்தது.

பக்கவாதம். பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது. கால் மூன்று மாதத்தில் பாதி திரும்பியது. கைதான் வினோதமாகத் திரும்பியது. விரல்களை மூட முடிந்தது. திறக்க முடியவில்லை.

மருத்துவமனையில் எனக்குப் பயிற்சி கொடுத்த துளசி என்ற பெண் அதை எளிதாகச் சொல்லிவிட்டாள்.

"அங்கிள், பிடிக்கிறது உங்களுக்கு வந்திருச்சு. விடுறதுதான் வரல. நெறைய பேருக்கு அப்படித்தான், பிடி முதல்ல வரும்."

பிளாஸ்டிக் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். எடுப்பேன். வைக்கும் இடம் வந்ததும் கூம்பு என் கையோடு ஒட்டிக்கொள்ளும். இடது கையால் பிய்த்து எடுப்பேன். பக்கத்து நாற்காலியில் என்னைவிட வயதான ஒரு சீனப் பெண்மணி ஆறு கூம்புகளை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நல்லவிதமாகத்தான் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

நான்காவது மாதம் போவதை நிறுத்திவிட்டேன். ஸ்டெல்லா கேட்டபோது, "துளசி நீண்ட லீவு" என்றேன்.

ஜொகூரிலிருக்கும் மகள் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பியிருந்தாள். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு காணொளி வந்தது. ஏதோ ஒரு குளிர் நாடு. பெரிய உள்ளரங்கு. ஸ்வெட்டர் போட்ட ஒருவர் ஒரு சிறு விமானத்தைக் கையிலிருந்து விடுகிறார். அதன் இறக்கைக்கு அப்பால் இருந்த சுவர் தெரிந்தது, அவ்வளவு மெல்லிய தாள். அது பாயவில்லை. மனிதன் வேகமாக நடக்கும் வேகத்தில், வட்டமடித்துக்கொண்டே மேலே போனது. ரிமோட் கிடையாது. கையை விட்டுப் போன பிறகு அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒழுங்காகச் செய்திருந்தால் பறக்கும், இல்லாவிட்டால் விழும்.

பிறகு அவர் மோட்டாரைக் காட்டினார். காய்ச்சலுக்குப் போடும் கேப்சூல் மாத்திரை அளவுதான் இருந்தது. மோட்டாரைத் தூக்க கிரேன் வரவழைத்துப் பழகியவன் நான். அந்தக் காணொளியை அன்றைக்கு மட்டும் ஏழெட்டு முறை பார்த்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா வேலை முடிந்து வந்ததும், "ஒரு விமானம் செய்யணும்," என்றேன்.

"மொதல்ல சட்டை பட்டன் போடுங்க," என்றாள்.

அவளுடைய வேலை

இங்கே ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் பல் செட் செய்கிறவள். சுங்கைப்பட்டாணியில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வேலை.

எங்களைச் சேர்த்துவைத்தது என் முன்பல். ஆலையில் சேர்ந்த புதிதில் ஸ்பேனர் வழுக்கி வாயில் அடித்து, பல் பாதியாக உடைந்தது. பொய்ப்பல் வைத்தார்கள். பேசும்போது அது நாக்கில் உரசியது. இரண்டு முறை போய்ச் சொன்னேன். மூன்றாவது முறை டாக்டர் சலித்துப்போய், "செஞ்ச ஆளையே பாருங்க," என்று பின்னறைக்கு அனுப்பினார்.

அங்கே மெழுகு வாசனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "'சனிக்கிழமை சந்தையில் சாமான் வாங்கினேன்', சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன்.

பல்லைக் கழற்றச் சொல்லி, ஒரே ஓர் இடத்தில் தேய்த்தாள். தூள்கூடப் பறந்ததாகத் தெரியவில்லை. மாட்டினேன். உரசல் போயிருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க 'ச' சொன்னப்போ கேட்டுச்சு."

இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம். முடியிழை அளவில் வேலை செய்கிற ஒருத்தியும், சம்மட்டி அளவில் வேலை செய்கிற ஒருவனும் ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தோம். அதற்குப் பிறகு ஒருவர் வேலையை மற்றவர் பார்த்ததே இல்லை. அவள் ஆலைக்கு வந்ததில்லை. அந்தப் பின்னறைக்கு நானும் மறுபடி போனதில்லை.

பதினேழு கிராம்

பால்சா மரக்குச்சிகள், மோட்டார், பற்சக்கரம், கெப்பாசிட்டர் எல்லாம் ஆன்லைனில் வந்தன. கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ஒரு சிறு குப்பி. பேட்டரியைத் தொட்டு ஒரு நிமிடம் வைத்தால் நிரம்பிவிடும்; மோட்டாரை ஓட்டி ஓட்டிக் காலியாகும். முதலில் வேகம், பிறகு மெல்ல மெல்லக் குறையும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும்.

இடது கையால் நான் படம் வரைந்தேன். ஸ்டெல்லா வெட்டினாள், ஒட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்கினேன்.

"அங்க இல்ல, இங்க. அழுத்திப் பிடி. அட, அப்படி இல்லலா!"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இது என் கைங்க. ஒங்க கை இல்ல. மெதுவா சொல்லுங்க."

இறக்கைக்கு நான் வரைந்திருந்த குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"எதுக்கு இவ்ளோ கட்டை? வீடா கட்டறோம்?"

"ஸ்ட்ராங்கா இருக்கணும்."

"எதத் தாங்கறதுக்கு?"

மூடிய மண்டபத்துக்குள் காற்று கிடையாது, மழை கிடையாது, பாரம் கிடையாது. அது தாங்க வேண்டியது தன்னைத்தான். ஆனாலும் ஆலையில் எதுவும் உடையக்கூடாது, உடைந்தால் ஆள் போய்விடுவான். அந்தப் பழக்கம். "நான் சொன்ன மாதிரி செய்," என்றேன்.

செய்தாள். முன்ஹாலில் நாற்காலிகளை நகர்த்தி, விமானத்தை விட்டுப் பார்த்தோம். கையை விட்டதும் நேராகப் போய் சோபாவில் விழுந்தது. மறுபடி விட்டோம். மறுபடி சோபா.

மறுநாள் அதைத் தன் அறைக்கு எடுத்துப்போய் நுண்தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பதினேழு கிராம். ரெக்க மட்டும் ஆறு."

"ஆறு கிராம் ஒரு எடையா?"

"வாய்க்குள்ள தேவையில்லாத எடத்துல அரை கிராம் இருந்தாப் போதும், ஆளு கழட்டிப் பையில போட்டுக்குவாரு. அப்புறம் நம்ம கிட்டதான் சண்டைக்கு வருவாரு."

"பல்லும் விமானமும் ஒண்ணா?"

அவள் விமானத்தை அலமாரியின் மேல் வைத்தாள்.

கேக் பெட்டி

அதற்கடுத்த வாரம் ஒரு கேக் பெட்டியோடு வந்தாள். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு இறக்கை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பின்னறையில், யாரிடமும் சொல்லாமல் செய்திருக்கிறாள். குச்சிகளைத் தீக்குச்சியின் பாதி கனத்துக்குத் தேய்த்திருந்தாள். பழக்கடையில் போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையை வெட்டி, சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியிருந்தாள். பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற கம்பியில், உடல் குச்சியில் மாட்டுவதற்கு இரண்டு சிறு கால்கள்.

"ரெண்டு கிராம்," என்றாள்.

டேப்லெட்டில் நான் பார்த்த இறக்கையைப் போலவே இருந்தது. என் படத்தைப் போல இல்லை.

"நல்லாருக்கு," என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அதற்குப் பக்கவாதத்தின் மேல் பழி போட முடியாது.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தேன். அவள் வருவதற்குள் நானே மாட்டி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இடது கை சும்மாதான் இருந்தது. இருந்தும் வலது கையால் எடுத்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அதில் என் கையும் பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

எடுக்க முடிந்தது. பெட்டியிலிருந்து மேசை வரை கொண்டுவர முடிந்தது. வைக்க முடியவில்லை. விடு விடு என்று மனம் சொல்லச் சொல்ல, விரல்கள் இன்னும் இறுகின. நொறுங்கிய சத்தம் பெரிதாக இல்லை. அப்பளத்தின் ஓரம் உடைகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன்: "வெளிய எடுத்து வச்சிருந்தேன். ஃபேன் காத்துல பறந்து செவுத்துல மோதிருச்சு."

உடைந்த இறக்கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே ஒரு பள்ளம், கீழே இரண்டு பள்ளம்.

"சரி," என்றாள்.

மின்விசிறி செய்த குற்றம்

மூன்று நாள் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சனிக்கிழமை காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் நானே கேட்டேன்.

"அடுத்த ரெக்க எப்போ ஆரம்பிக்கற?"

"ஆரம்பிக்கல."

"ஏன்?"

கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"தெனம் ஆளுங்க கடிச்சுக் குடுத்த மெழுகப் பாத்து வேல செய்றவ நான். எந்தப் பல்லு எங்க பதிஞ்சிருக்குன்னு பாக்கறதுதான் என் பொழப்பு. ஃபேன் காத்துல மோதினா இப்படியா ஒடையும்? மேல ஒரு கட்டவிரல், கீழ ரெண்டு விரல். ஒங்க விரல் எனக்குத் தெரியாதா?"

நான் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தேன்.

"துளசி நீண்ட லீவுன்னீங்க. அந்தப் பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணி, அங்கிள் ஏன் வர்றதில்லன்னு கேக்குது. ரெக்க ஒடஞ்சது எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெனம் ஏதாச்சும் ஒண்ணு ஒடையுது. இத்தன வருஷமா ஒங்க பக்கத்துல எது ஒடஞ்சாலும் அத வேற யாரோதான் ஒடச்சிருக்காங்க. இப்ப வீட்டுல வேற ஆளு இல்ல, அதனால ஃபேன்."

கீரைக்குத் திரும்பிப் போனாள். அது முடிந்த பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

அவள் எதைச் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது. இந்தத் தொடரில் நான் எழுதாமல் தாண்டிப்போன ஒன்று இருக்கிறது. ஒரு முறை ஆலையில் ஒரு பம்பு மோட்டார் எரிந்தது. முதல் நாள் அதைப் பழுதுபார்த்துவிட்டு ஒரு கம்பியை இறுக்க மறந்தவன் நான். அறிக்கையில் அன்று வேலையிலிருந்த வயர்மேன் பெயரை எழுதினேன். அவரை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு பேராக் பக்கம் போய்விட்டார். அறிக்கை எழுதிய அன்றிரவு அதை வீட்டில் வந்து ஒரு தமாஷ் போல ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவரை நான் இன்னும் தேடிப் போகவில்லை. இதை அவர் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: மோட்டாரை எரித்தது நான், ராயப்பன்தான்.

இடது கை வேலை

திங்கட்கிழமை நானே டாக்சி எடுத்து மருத்துவமனைக்குப் போனேன். துளசி கோபித்துக்கொள்ளவில்லை. கூம்புகளை எடுத்துவந்தாள்.

"கூம்பு வேணாம்மா. எனக்கு ஒரு சாமான விடணும். பத்துப் பன்னெண்டு கிராம்தான் இருக்கும். அமுக்கினா ஒடஞ்சிரும்."

"என்ன சாமான் அங்கிள்?"

சொன்னேன். அவள் ஒரு மெல்லிய காகிதத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "விரலத் தொறக்கப் பாக்காதீங்க. தொறக்கணும்னு நெனச்சாலே அது மூடும். மணிக்கட்ட மட்டும் கீழ தொங்க விடுங்க. மெதுவா... ஆங்."

மணிக்கட்டு மடிந்ததும் விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளர்ந்தன. காகிதம் விழுந்தது. பத்துத் தடவையில் மூன்று தடவை அப்படி விழுந்தது.

வீட்டில் தனியாக இறக்கை செய்ய ஆரம்பித்தேன். ஸ்டெல்லா செய்ததைப் பார்த்து, அதே அளவு. இடது கையால் ஒரு குச்சியை நேராக வெட்ட எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. ஒட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று பசை வைக்க. அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தேன். பிடித்தால் விடாத கை ஒன்று என்னிடம் இருக்கிறதே! ஒரு ரப்பர் துண்டை வலது கையில் பிடித்துக்கொண்டு, குச்சியை அதில் சாய்த்து வைத்தேன். பசை காயும்வரை கால் மணி நேரம் ஆனாலும் அந்தக் கை அசையவில்லை. ஆலையில் இப்படி ஒரு கிடுக்கி எங்களிடம் இருந்ததில்லை.

இரண்டு வாரத்தில் ஒரு பக்க இறக்கையின் சட்டம் முடிந்தது. ஸ்டெல்லா மேசையைக் கடந்து போவாள், வருவாள். பார்ப்பது தெரியும்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, காப்பி கிளாஸோடு வந்தவள் நின்றாள். சட்டத்தை எடுத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பசை கூடிப்போச்சு," என்றாள்.

"தெரியும். இடது கை."

"இந்த மூலையில மட்டும் சரியா வச்சிருக்கீங்க."

"அங்க ஒரு தடவ ஒடச்சுட்டு மறுபடி ஒட்டினேன். நான்தான் ஒடச்சேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தாள்.

"தள்ளுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

மறு பக்க இறக்கையை அவள் செய்தாள். உடல் குச்சியையும் பாதியாகத் தேய்த்தாள். புரோப்பெல்லரின் இதழ்களைத் தயிர்க் குவளையின் வளைவிலிருந்து வெட்டினாள். மோட்டாரின் கம்பிகளை எப்படிப் பற்றவைப்பது என்று நான் சொன்னேன், மெதுவாக. மொத்தம் பதினொரு கிராம் வந்தது. என் பக்கத்து இறக்கை அவளுடையதைவிடக் கொஞ்சம் கனம். அதைச் சரிக்கட்ட அவள் பக்கத்தின் நுனியில் பல் செட் மெழுகில் ஒரு பொட்டு வைத்தாள். ரோஸ் நிறம்.

மறுபடி மண்டபம்

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் பாக் டின் என்ற மலாய்க்காரர். காலை ஆட்டக்காரர்கள் பத்தரைக்குப் போனால், அடுத்தவர்கள் வர மதியமாகும் என்று சொல்லி இடம் கொடுத்தார். எல்லா மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னோம். கதவுகளைச் சாத்தச் சொன்னோம். என்ன வழிபாடோ என்று நினைத்திருப்பார். துடைப்பத்தோடு ஓரத்தில் நின்று பார்த்தார்.

முதலில் ஸ்டெல்லாதான் விட்டுப் பார்த்தாள். விமானம் மூக்கைத் தூக்கியது, நின்றது, சொத்தென்று விழுந்தது. மூக்கில் கொஞ்சம் மெழுகு வைத்தாள். அடுத்து வலது பக்கமாகப் போய்ச் சுவரை முட்டியது. மோட்டாரை இடது பக்கம் சற்றுத் திருப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். எவ்வளவு என்று அவள் முடிவு செய்தாள். நாலைந்து தடவைக்குப் பிறகு, பாதி மின்சாரத்தில், அது மண்டபத்துக்குள் ஒரு முழு வட்டம் போட்டு வந்து இறங்கியது.

"இப்ப முழுசா நெரப்பலாம்," என்றாள்.

"நான் விடறேன். வலது கையில."

"சரி."

"நீ கிட்ட வராத."

"வரல."

அப்படித்தான் அந்த வெள்ளைக் கோட்டில் வந்து நின்றேன்.

விடுங்க என்று அவள் சொன்னபோது விரல்கள் இறுகின. புரோப்பெல்லரின் காற்று என் மணிக்கட்டில் பட்டது. உடல் குச்சி மெல்ல வளைவதை உணர்ந்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும். பாக் டின்னின் துடைப்பச் சத்தம் நின்றிருந்தது.

இடது கையால் பிய்த்து எடுத்துவிடலாம் என்று கை பாதி தூரம் வந்தது. அதைக் கீழே போட்டேன். துளசி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விரலை மறந்துவிட்டு, மணிக்கட்டைத் தொங்கவிட்டேன்.

முதலில் கட்டைவிரல் விலகியது.

விமானம் தலைகுப்புறப் போனது. முழங்காலுக்குக் கீழே இறங்கியது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நிமிர்ந்தது. நிமிர்ந்து, இடது பக்கம் திரும்பி, வலைக் கம்பத்தின் உயரத்துக்கு ஏறியது. அதற்கு மேல் ஏற அதனிடம் மின்சாரம் இல்லை. பாதியை நான்தான் கையில் வைத்துக் காலிசெய்திருந்தேனே. மூன்று வட்டம் போட்டுவிட்டு, வழுக்கிக்கொண்டு வந்து தரையைத் தொட்டது.

"முப்பத்தொரு செகண்ட்," என்றாள் ஸ்டெல்லா.

அழுதீர்களா என்று மகள் அன்று ஃபோனில் கேட்டாள். இல்லை. உட்கார நாற்காலி தேடினேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் வலது கை மடியில் பாதி திறந்தபடியே கிடந்தது. அதை அப்படியே விட்டுவைத்தேன்.

பிறகு ஸ்டெல்லா விட்டாள். மின்சாரத்தை நிரப்பி, கம்பியை இணைத்து, தூக்கிப் பிடித்து, இரண்டு விரலை லேசாக விலக்கினாள். எறியவில்லை, தள்ளவில்லை. அவள் கையிலிருந்து அது தானாகக் கிளம்பிப் போனது போலிருந்தது. வட்டம் வட்டமாக ஏறியது. வலைக்கு மேல், விளக்குகளின் உயரத்துக்கு. வெளிச்சம் இறக்கைக்குள் புகுந்து வந்ததில் உள்ளே இருந்த குச்சிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. எது அவள் ஒட்டியது, எது நான் ஒட்டியது என்று கீழிருந்தே சொல்ல முடிந்தது. பிறகு மோட்டார் தளர, அதே வட்டத்தில் இறங்கி வந்தது. ஸ்டெல்லா அதன் கீழேயே, காலுறையோடு, அண்ணாந்து பார்த்தபடி சுற்றிச் சுற்றி நடந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நிமிடம் இருபத்துநான்கு விநாடி.

பாக் டின் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார். குனிந்து பார்த்தார். தொடவில்லை. பிறகு என்னிடம் மலாயில் கேட்டார்: "இத்து சியாப்பா புன்யா?"

யாருடையது என்று கேட்கிறார். ஆண் பிள்ளையான என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என்னுடையது என்றுதான் பதில் எதிர்பார்த்தார்.

"இஸ்த்ரி சாயா புன்யா," என்றேன். என் மனைவியுடையது.

ஸ்டெல்லா தரையில் மண்டியிட்டு, விமானத்தின் மூக்கிலிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூக்குல இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்ங்க," என்றாள். "அடுத்த தடவையும் வலது கையிலயே விடுங்க. ஆனா சீக்கிரம் விடுங்க. விட்டீங்கன்னா என்னோட நேரத்த தாண்டிரும்."